அரபியரல்லாத முதல் முஸ்லிம்கள்: ஒரு கேள்வி, பல விடைகள்

நபிகள் நாயகம் மறைந்த 632ஆம் ஆண்டில் இஸ்லாம் ஏறத்தாழ முழுக்க அரபுத் தீபகற்பத்துக்குள்தான் இருந்தது. அடுத்த நூறாண்டுக்குள் முஸ்லிம்களின் ஆட்சி அட்லாண்டிக் கரையிலிருந்து சிந்து வரை விரிந்தது. அதற்கடுத்த தலைமுறைகளில் சட்டம், ஹதீஸ், அரபு இலக்கணம் ஆகியவற்றின் முன்வரிசையைப் பார்த்தால் பாரசீகரும் நூபியரும் பெர்பெர்களும் காபூலிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இவர்கள் எப்படி வந்தார்கள், எதற்காக வந்தார்கள், வந்தபின் என்ன ஆனார்கள்?

இது இன்றைய கேள்வி அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டு ஈராக்கில் ஷுஊபிய்யா என்று அழைக்கப்பட்டவர்கள் அரபியருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுத்தில் போர் நடத்தினார்கள். குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 13ஆம் வசனத்தை முன்வைத்துச் சிலர் சமத்துவம் கேட்டனர். சிலர் தம் முன்னோரின் நாகரிகமே உயர்ந்தது என்றனர். அவர்களை எதிர்த்து அரபியரின் பக்கம் நின்று எழுதிய இப்னு குதைபா, குராசான் பாரசீகக் குடும்பத்தின் வழித்தோன்றல். யார் எந்தப் பக்கம் பேசுவார் என்பதை இரத்த உறவை வைத்து ஊகிக்க முடியாது என்பதற்கு அவரே போதுமான சான்று.

நவீன ஆய்வில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள் பல. அவற்றில் பெரும்பாலானவை ஒரே காரணத்தைத் தேடியதால் தடுமாறின என்பதும், அதிகம் பேசப்பட்ட காரணமான வரிச்சுமை, முதலில் வந்தவர்களைப் பெரும்பாலும் தொடவே இல்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

மரபு தரும் விடை

இஸ்லாமிய மரபு இந்த வரலாற்றைத் தனிமனிதர்களின் வழியாகச் சொல்கிறது. மக்காவில் அடிமையாக இருந்த அபிசீனியர் பிலால், எசமானர் உமையா இப்னு கலஃபின் சித்திரவதையைத் தாங்கி, அபூபக்ரால் விடுவிக்கப்பட்டு, தொழுகைக்கு அழைக்கும் முதல் முஅத்தின் ஆனார். ஈரானில் பிறந்த சல்மான், கிறித்துவத் துறவிகளிடம் உண்மையைத் தேடியலைந்து, அடிமையாக விற்கப்பட்டு மதீனா வந்து சேர்ந்தார். 627இல் அகழ் வெட்டி நகரைக் காக்கும் யோசனை அவருடையது என்பது பரவலான செய்தி. சுஹைப் ரூமி, மக்காவில் சேர்த்த செல்வத்தைக் குறைஷிகளிடம் விட்டுவிட்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்றார். பாரசீகரில் முந்தியவர் சல்மான், ரோமரில் சுஹைப், அபிசீனியரில் பிலால் என்று மூவரையும் ஒருசேர நிறுத்தும் அறிவிப்பு ஒன்றும் உண்டு.

மரபின் விடை தெளிவானது. உண்மை அவர்களை ஈர்த்தது. ஏற்றவர்களிடையே இனவேறுபாட்டை மார்க்கம் அழித்தது. இந்த விடையை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிட முடியாது. பிலாலுக்கு மக்காவில் வரி இல்லை, பதவி ஆசை இல்லை. கிடைத்தது அடியும் வெயிலும்தான். கொள்கை ஈர்ப்பைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாத நிகழ்வுகள் தொடக்கத்தில் இருந்தன என்பதைப் பொருளாதார விளக்கம் தருவோரும் ஏற்றாக வேண்டும்.

ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. சுஹைபைப் பற்றிய நூல்களே அவர் பிறப்பால் அரபியர் என்கின்றன. சிறு வயதில் ரோமர் அவரைப் பிடித்துச் சென்று வளர்த்ததால் ‘ரூமி’ ஆனவர் அவர். மூவர் பட்டியல், பின்னாளில் எல்லா இனங்களுக்கும் ஒரு முன்னோடி வேண்டும் என்ற தேவையில் ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கலாம். சாரா சவன்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வு, ஈரானியர் புதிய மார்க்கத்துக்குள் தமக்கான கடந்தகாலத்தை எப்படி அமைத்துக்கொண்டனர் என்பதை விரிவாகக் காட்டுகிறது. சல்மானின் நினைவு வளர்ந்த விதத்துக்கு அதில் முக்கிய இடம் உண்டு.

இன்னொன்று, பதிவு செய்தவர்கள் யார் என்பது. நபி வரலாற்றைத் தொகுத்த இப்னு இஸ்ஹாக் 767 வாக்கில் இறந்தவர். அவருடைய பாட்டனார் யஸார், 633இல் ஈராக்கின் ஐனுத் தம்ரில் காலித் இப்னு வலீதின் படையிடம் சிக்கிய கைதி என்று சொல்லப்படுகிறது. பிலால், சல்மான் கதைகளை நமக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் கைதிகளின் பேரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அக்கதைகளில் அக்கறை இருந்திருக்கும். அதனாலேயே அவை பொய் ஆகிவிடாது. அந்த அக்கறை இல்லாவிட்டால் அடிமைகளின் பெயர்களை எவரும் குறித்தே வைத்திருக்க மாட்டார்கள்.

வாளா, பிரசாரமா?

‘வாளால் பரவிய மதம்’ என்ற பழைய ஐரோப்பியக் கருத்துக்கு நெடுநேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நாடுகள் வாளால் வெல்லப்பட்டன. வெல்லப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் பல தலைமுறைகள் தம் மதத்திலேயே இருந்தனர். கிழக்குச் சிரியத் திருச்சபைத் தலைவர் மூன்றாம் இஷோயாப், 659 வாக்கில் மறைந்தவர், ஓமான் பகுதிக் கிறித்துவர் மதம் மாறியதை ஒரு கடிதத்தில் நொந்து எழுதுகிறார். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை, சொத்தில் பாதியைக் காத்துக்கொள்ளவே மதத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அவருடைய வருத்தம். வென்றவர்களுக்கு நற்சான்று தரும் அவசியம் இல்லாத ஒருவரின் சொல் என்பதால் இதற்கு எடை அதிகம்.

அலிகரில் ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு 1896இல் வெளியிட்ட நூல், இந்தக் கருத்தை எதிர்த்து, அமைதியான அழைப்புப் பணியை முதன்மைக் காரணமாக்கியது. பிற்கால ஆப்பிரிக்காவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் அது ஓரளவு பொருந்தும். முதல் நூற்றாண்டுக்குப் பொருந்துவது அரிது. கூஃபா, பஸ்ரா போன்ற படைநகரங்களில் வாழ்ந்த அரபியர், சுற்றியிருந்த கிராமங்களில் அழைப்புப் பணி நடத்தினார்கள் என்பதற்கு ஆதாரங்கள் மிகக் குறைவு.

வரிக் கணக்கு

மிக வலுவாக வேரூன்றிய விளக்கம் இதுதான். ஜெர்மானிய அறிஞர் ஜூலியஸ் வெல்ஹவுசன் 1902இல் வெளியிட்ட, உமையா கலீஃபா வம்சம் பற்றிய நூலில் இதற்கு முழு வடிவம் கொடுத்தார். தொடக்கத்தில் தலைவரி, நிலவரி என்ற பிரிவு தெளிவாக இல்லை, முஸ்லிம் ஆனவருக்குக் கப்பம் முழுவதும் நீங்கியது, அதனால் குடியானவர்கள் மாறினர், கருவூலம் வற்றியது, ஆளுநர்கள் மாறியவர்களிடமும் வரி பிடுங்கினர், அந்தக் கோபம் 750இல் உமையா ஆட்சியையே சாய்த்தது. ஒரே நூலில் எல்லாவற்றையும் கோத்துவிடும் விளக்கம் என்பதால் பாடநூல்கள் அதை விரும்பி ஏற்றன.

ஆதாரம் இல்லாமல் அவர் பேசவில்லை. ஈராக் ஆளுநர் ஹஜ்ஜாஜ், நகரங்களுக்கு வந்து முஸ்லிமான குடியானவர்களைக் கிராமங்களுக்கே திருப்பி விரட்டினார். கலீஃபா இரண்டாம் உமரிடம், சுமார் 717-720 ஆண்டுகளில், குராசானில் அரபியரல்லாத முஸ்லிம்களான மவாலிகள் இருபதாயிரம் பேர் ஊதியமின்றிப் போரிடுவதாக முறையிட்டதை வரலாற்றாசிரியர் தபரி பதிவு செய்கிறார். வரி குறைகிறதே என்று கவலைப்பட்ட ஆளுநர், மாறியவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டார்களா என்று சோதிக்க முனைந்தபோது, உமர் அதைத் தடுத்துவிட்டார். 728 வாக்கில் சமர்கந்துப் பகுதியில் முஸ்லிமானால் ஜிஸ்யா என்ற தலைவரி இல்லை என்று வாக்களித்த ஆளுநர் அஷ்ரஸ், வருவாய் சரிந்ததும் வாக்கை மீறினார், கலகம் மூண்டது. எகிப்தில் ஆளுநர் ஹஃப்ஸ் இப்னு வலீத் இதே சலுகையை அறிவித்தபோது 24,000 பேர் மாறியதாகக் கோப்திய முதல்வர்களின் வரலாறு கூறுகிறது. வட மெசபடோமியாவான ஜஸீராவில் எட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வரிக்கொடுமையால் கூட்டம் கூட்டமாக மாறியவர்களைச் சிரிய மொழியிலுள்ள ஸுக்னின் நாளாகமம் கண்டிக்கிறது.

1950இல் டேனியல் டெனட் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். தலைவரியும் நிலவரியும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருந்தன. ஒவ்வொரு மாகாணத்திலும் உடன்படிக்கைக்கு ஏற்ப ஏற்பாடு மாறியது. முழுப் பேரரசுக்கும் ஒரே வரி வரலாறு எழுத முடியாது என்றார். குராசானில் வரி வசூலித்தவர்கள் உள்ளூர்ப் பிரபுக்கள். 738 வாக்கில் ஆளுநர் நஸ்ர் இப்னு சய்யார் கணக்கைத் திருத்தியபோது, 30,000 முஸ்லிம்கள் செலுத்தக்கூடாத ஜிஸ்யாவைச் செலுத்திக்கொண்டிருந்ததும், செலுத்த வேண்டிய 80,000 பேர் விலக்குப் பெற்றிருந்ததும் தெரியவந்தது என்பது தபரியின் செய்தி. எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் முஸ்லிமானால் வரி போகும் என்ற சமன்பாடு நடைமுறையில் எவ்வளவு ஆட்டம் கண்டிருந்தது என்பதை அவை காட்டுகின்றன. மாறியும் வரி கட்டவேண்டிய நிலையில் இருந்தவர்கள் ஏன் மாறினார்கள், ஏன் திரும்பிப் போகவில்லை என்பதற்கு வெல்ஹவுசனிடம் நல்ல விடை இல்லை.

பெர்பெர்களின் வரலாறு இந்தக் குறையை இன்னும் கூர்மையாக்குகிறது. ஹஜ்ஜாஜின் முறையை வட ஆப்பிரிக்காவில் திணிக்க முயன்ற ஆளுநர் யசீத் இப்னு அபீ முஸ்லிம் 720 வாக்கில் தன் காவலர்களாலேயே கொல்லப்பட்டார். 740இல் தாஞ்சியர் பக்கம் மைசரா தலைமையில் வெடித்த பெருங்கலகம் மேற்கு மக்ரிபை உமையாக்களின் கையிலிருந்து பறித்தது. இந்தக் கலகக்காரர்களில் பெரும்பாலோர் இஸ்லாத்தை உதறவில்லை. தகுதியுள்ள எந்த முஸ்லிமும் எந்த இனத்தவராயினும் தலைவராகலாம் என்ற காரிஜியக் கொள்கையை ஏந்தினர். அந்தக் கொள்கையின் இபாதி கிளையில் தாஹர்த்தில் எழுந்த பெர்பெர் அரசுக்கு இமாமாக அமர்ந்தவர் பாரசீக வம்சாவளியினரான அப்துர் ரஹ்மான் இப்னு ருஸ்தும். வரிக்காக மட்டுமே வந்தவர்கள், ஏமாற்றப்பட்டபின், அந்த மார்க்கத்தின் பெயராலேயே நீதி கேட்டு உயிர்விட மாட்டார்கள். வரி வாசலுக்குக் கொண்டுவந்திருக்கலாம். உள்ளே நிறுத்தியது வேறொன்று.

அணிமாறிய படைகள்

வரி விளக்கத்தில் இடம் பெறாத இன்னொரு கூட்டம் படைவீரர்கள். யெமனை ஆறாம் நூற்றாண்டில் கைப்பற்றிய பாரசீக சாசானியப் படையின் வழித்தோன்றல்களான அப்னா, ஆளுநர் பாதானோடு நபிகள் காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்றனர். அவர்களில் ஒருவரான ஃபைரூஸ் தைலமி, நபி என்று உரிமை கோரிய அஸ்வத் அன்ஸியைக் கொன்றார். பாரசீகர் தோற்ற காதிஸிய்யாப் போருக்குப் பின் 4,000 தைலமிய வீரர்கள் கூஃபாவில் குடியேறினர் என்கிறார் வரலாற்றாசிரியர் பலாதுரி. சியாஹ் என்பவரின் தலைமையிலிருந்த பாரசீக அசாவிரா குதிரைப்படை பேரம் பேசியே வந்தது. அரபியரல்லாதாரை எதிர்த்துப் போரிடுவோம். அரபியரின் உட்சண்டையில் தலையிட மாட்டோம். விரும்பிய இடத்தில் வாழ்வோம். உயர்ந்த ஊதியம் வேண்டும். கலீஃபா முதலாம் உமர் ஒப்புக்கொண்டார். அவர்கள் பஸ்ராவில் தமீம் குலத்தோடு இணைந்தனர். அரசியல் கூட்டணியும் மதமாற்றமும் இங்கே ஒரே நடவடிக்கை. இவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டும்படி ஆதாரங்களைக் கேட்பது நம் காலத்தின் பழக்கம்.

கைதிகளும் அவர்கள் பிள்ளைகளும்

தொடக்ககாலத்தில் வந்தவர்களில் பெரும்பகுதியினர் குடியானவர்களும் அல்ல, படைவீரர்களும் அல்ல, போரில் பிடிபட்டவர்கள். அடிமைக்கு ஜிஸ்யா கிடையாது என்பதால் வரி விளக்கம் இவர்களிடம் செல்லாக்காசு ஆகிவிடுகிறது. அரபியக் குடும்பத்துக்குள் கொண்டுவரப்பட்டு, அங்கேயே மொழியும் தொழுகையும் கற்று, விடுதலை பெற்றபின் அந்தக் குடும்பத்தின் மவ்லாவாக (பன்மை: மவாலி), அதன் குலப்பெயரைத் தாங்கி வாழ்ந்தவர்கள் இவர்கள்.

ஐனுத் தம்ரில் பிடிபட்ட இளைஞர்களில் யஸாரோடு சீரீன், நுஸைர் ஆகியோரும் இருந்ததாக மரபு கூறுகிறது. சீரீனின் மகன் முஹம்மது இப்னு சீரீன் பஸ்ராவின் பேரறிஞர். நுஸைரின் மகன் மூஸா வட ஆப்பிரிக்காவின் ஆளுநர். நுஸைர் அரபியரே என்று சொல்வோரும் உண்டு. அந்த மூஸாவின் மவ்லாவாக 711இல் ஸ்பெயினுக்குள் நுழைந்தவர் பெர்பெரான தாரிக் இப்னு ஸியாத். தென் ஈராக்கின் மைஸானில் பிடிபட்டவர்களின் பிள்ளை, அறிஞர் ஹசன் பஸரி. நபித்தோழர் இப்னு அப்பாஸிடம் அடிமையாயிருந்து அவருடைய கல்விக்கு வாரிசான இக்ரிமா ஒரு பெர்பெர். காபூல் பக்கத்துக் கைதியாக வந்த மக்ஹூல் சிரியாவின் சட்ட அறிஞர்.

இவர்கள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார்களா? அடிமைத்தனத்தின் வன்முறையை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. அதே நேரம், ஹசன் பஸரியைப் போன்ற ஒருவரின் சமயப்பற்றை அடிமைத்தனத்தின் எச்சமாகச் சுருக்குவதும் தவறு. அவர் பிறந்தது மதீனாவில். அவருக்கு அது தாய்மண்ணின் மார்க்கம். எலிசபெத் அர்பன் 2020இல் வெளியிட்ட நூல், அடிமைகளையும் அடிமைத் தாய்மாரின் பிள்ளைகளையும் இந்த வரலாற்றின் நடுவில் வைத்துப் பார்க்கிறது. என் கணிப்பில் அண்மைக் காலத்தின் மிகப் பயனுள்ள திருப்பம் இதுவே. ‘ஏன் மாறினார்கள்’ என்ற கேள்வியை ஒரு தலைமுறைக்குள் அடைக்காமல், தாய், மகன், பேரன் என்று மூன்று தலைமுறைக்கு நீட்ட அது வழி செய்கிறது.

இந்த மவ்லா ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பாலைவனக் குலங்களின் பழைய வழக்கம் என்பது நெடுநாள் கருத்து. பட்ரீஷியா க்ரோன் 1987இல் ரோம மாகாணச் சட்டத்தின் சாயல் இதில் உண்டு என்றார். உல்ரிகே மிட்டர் முதலியோர் அதை மறுத்தனர். வழக்கு இன்னும் தீரவில்லை. தோற்றம் எதுவாயினும், நடைமுறையில் அது இரட்டைத் தன்மை கொண்டது: குலம் இல்லாதவருக்கு அது அடைக்கலம், கூடவே அவர் இரண்டாம் இடத்தவர் என்ற முத்திரையும். 685-687இல் கூஃபாவில் கலகத் தலைவர் முக்தார் மவாலிகளுக்குப் போர்வருவாயில் பங்கு கொடுத்தபோது குலத்தலைவர்கள் கொதித்தெழுந்தனர். திருமணப் பொருத்தத்தில் குலத்தைக் கணக்கில் எடுத்த சட்டப்பள்ளி, காபூல் பின்னணி கொண்ட அபூ ஹனீஃபாவின் பெயரால் வளர்ந்தது. அரபியரான மாலிக்கின் பள்ளியோ மார்க்கப்பற்றையே முதன்மையாக்கியது.

அறிவுலகம் யார் கையில்?

ஒவ்வொரு நகரின் தலைசிறந்த அறிஞரையும் கலீஃபா அப்துல் மலிக் விசாரிக்க, ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் மவாலிகள் என்று அறிஞர் ஸுஹ்ரி பதில் சொல்லும் உரையாடல் பல நூல்களில் உண்டு. பின்னர் 1377இல் இப்னு கல்தூன், அறிவுத்துறைகளை வளர்த்தவர்களில் மிகுதியானோர் அரபியரல்லாதார் என்று பொதுவிதியாகவே எழுதினார். அந்த உரையாடலை நடந்த செய்தியாக ஏற்பது கடினம். அது மவாலிகளின் பெருமையைப் பறைசாற்றப் புனையப்பட்டதுபோல் தோன்றுகிறது.

ஹரால்டு மோட்ஸ்கி 1999இல் ஆரம்பகாலச் சட்ட அறிஞர்களின் பின்னணியை ஆராய்ந்து, அரபியரின் பங்கு பரவலாக நம்பப்பட்டதைவிடக் கணிசமானது என்றும், மவாலி அறிஞர்களிலும் பலர் முஸ்லிம் சூழலிலேயே வளர்ந்தவர்கள் என்றும் காட்டினார். மவாலிகள் தங்கள் பழைய ரோம, யூதச் சட்டங்களை இஸ்லாத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்ற கருதுகோள் இதனால் பலவீனப்பட்டது. அதற்காக அவர்களுடைய சாதனை சிறுத்துவிடவில்லை. படைப்பதவியும் ஆட்சிப்பதவியும் குலத்தவருக்கே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில், பள்ளிவாசலின் கல்வி வட்டத்தில் எவரும் உட்காரலாம் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய திறப்பாக இருந்திருக்கும்!

எண்ணிக்கையும் அடையாளமும்

ரிச்சர்டு புல்லியட் 1979இல் வேறொரு வழியில் போனார். வாழ்க்கைக் குறிப்பு அகராதிகளில் ஒருவரின் முன்னோர் வரிசையைப் பார்த்து, பாரசீகப் பெயர் எந்தத் தலைமுறையில் அரபுப் பெயராகிறது என்று எண்ணினார். அவர் கணக்குப்படி உமையா ஆட்சி முடிந்த 750இல் ஈரானில் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. மாற்றம் முதலில் மெதுவாகவும், ஒன்பதாம் நூற்றாண்டில் விரைவாகவும் நடந்தது. மதமாற்றம் ஒரே நாளில் நடந்த நிகழ்வன்று என்பதை உறுதியாக நிறுவியது அவருடைய பெருஞ்சாதனை. ஆனால் அந்த அகராதிகளில் இருப்பவர்கள் நகரத்து அறிஞர்கள், ஆண்கள். வயலில் உழுதவரும் பெண்களும் அந்த வளைகோட்டில் இல்லை. அதைச் சமூகம் முழுமைக்கும் நீட்டுவது துணிச்சலான காரியம்.

ஃப்ரெட் டானர் 2010இல் கேள்வியின் சொற்களையே அசைத்தார். தொடக்ககால இயக்கம் ஓரிறையை நம்பிய யூதர், கிறித்துவரையும் உள்ளடக்கிய ‘நம்பிக்கையாளர்’ சமூகம்; தனி மத எல்லை ஏழாம் நூற்றாண்டின் இறுதியில்தான் இறுகியது என்பது அவர் வாதம். அப்படியானால் அதற்குமுன் ‘மாறினார்’ என்று யாரைச் சொல்வது? க்ரோன் உள்ளிட்டோர், இதற்கு நேரடி ஆதாரம் போதாது என்று விமர்சித்தனர். அந்த விமர்சனம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. பீட்டர் வெப் 2016இல், ‘அரபியர்’ என்ற ஒன்றுபட்ட இன உணர்வே பெருமளவு வெற்றிகளுக்குப் பின் உருவானது என்றார். இது ஏற்கத்தக்கதாயின் சுஹைபின் புதிர் விளங்கும். யார் ரோமர், யார் அரபியர் என்பதே இன்னும் தீர்மானமாகாத காலத்தில் வாழ்ந்தவர் அவர்.

ஈரானில் இந்த ஆய்வு அரசியல் சூட்டோடும் கலந்தது. அப்துல் ஹுசைன் ஸர்ரீன்கூப் 1951இல் வெற்றிக்குப் பிந்திய இருநூறு ஆண்டுகளை மௌனத்தின் காலமாக எழுதினார். பின்னர் தாமே அந்நூலைத் திருத்தினார். முர்தஸா முதஹ்ஹரி, ஈரானும் இஸ்லாமும் ஒன்றுக்கொன்று செய்த பணிகளை எடுத்துச் சொல்லி அதை மறுத்தார். இருவரும் ஈரானியர் என்ற ஒரே மக்கள் ஒரே மனத்தோடு முடிவெடுத்ததுபோல எழுதியது, அசாவிரா வீரனையும் மைஸான் கைதியையும் சமர்கந்துப் பகுதிக் குடியானவனையும் கலந்துவிடுகிறது.

எவை தீரவில்லை

சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். பரவலான கட்டாய மதமாற்றம் நடந்ததற்குச் சான்று இல்லை. ஏழாம் நூற்றாண்டில் வந்தவர்களில் கைதிகளும் படைவீரர்களும் முதன்மையானவர்கள். குடியானவரின் பெருவரவு எட்டாம் நூற்றாண்டில் தொடங்கி ஒன்பதில் வலுத்தது. வரி அந்த இரண்டாம் கட்டத்தில் வேலை செய்தது, இடத்துக்கு இடம் வேறுபட்டு. சமத்துவ வாக்குறுதி நடைமுறையில் பலமுறை மீறப்பட்டது; மீறலை எதிர்த்தவர்கள் அந்த வாக்குறுதியையே ஆயுதமாக எடுத்தார்கள்.

தீராதவை பெரியவை. முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளை பெற்று வளர்த்த கிறித்துவ, யூத, சொராஸ்டிரியத் தாய்மார் என்ன நம்பினார்கள், பிள்ளைகளுக்கு என்ன கற்பித்தார்கள் என்பது ஏறத்தாழ இருட்டு. சிற்றூர்களில் மாறிய ஒருவருக்கு மார்க்கம் எவ்வளவு தெரிந்திருந்தது என்ற கேள்வியை ஜாக் டன்னஸ் 2018இல் சிரியக் கிறித்துவரின் பக்கமிருந்து எழுப்பினார். முஸ்லிம்களான எளியவர்களின் பக்கத்திலிருந்து அது இனித்தான் எழுதப்பட வேண்டும். நாம் நம்பியிருக்கும் தபரி, பலாதுரி, இப்னு ஸஅத் ஆகியோர் ஒன்பதாம் நூற்றாண்டிலும் பத்தின் தொடக்கத்திலும் எழுதியவர்கள். அவர்களுக்கு முந்திய நேரடிச் சான்றாக எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளே மிகுதியாக உள்ளன. வரி ரசீதுகளும் கடிதங்களும் நிரம்பிய அந்த ஏடுகளில் படித்துப் பதிப்பிக்கப்படாமல் கிடப்பவை ஏராளம். எகிப்துக்கு அவை விடை தரக்கூடும். குராசானுக்கும் மக்ரிபுக்கும் அப்படியொரு ஏட்டுக்குவியல் இல்லாததால், அங்கே மாறிய குடியானவரின் காரணங்களை அவரை ஆண்டவர்களின் குறிப்புகளிலிருந்தே இன்னும் நெடுங்காலம் ஊகிக்க வேண்டியிருக்கும்.